பசி எப்படி இருக்கும்? உடம்பின் உட்சேதிகளும் உணர்ச்சியும் உண்ணுதல் கோளாறும்

போன கோடையில், ஏப்ரல் கடைசியில், அக்கா மகள் பத்து நாள் எங்கள் வீட்டில் இருக்க வந்தாள். வீடு வேலூர் சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. அந்த மாதத்தில் ராத்திரி பத்து மணிக்குக்கூட எங்கள் சுவரில் கை வைத்தால் சுடும். அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு, "சித்தி, ஃபேனை நிறுத்திடட்டா? குளுருது" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த நாட்களில்தான் கவனித்தேன். இரண்டு இட்லி வைத்தால் அரை இட்லியோடு கை நின்றுவிடும். "வயிறு ரொம்பிடுச்சு சித்தி." எண்பதைத் தாண்டிய எங்கள் ஆயா (பாட்டி), "இன்னாடி இது, குருவி கொத்தறாப்ல கொத்தினு கீற? எல்லாம் அடம்" என்றார். நான் வேளைக்கு வேளை "பசிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறாவது நாள் அவள் உடைந்து அழுதாள். "அதை மட்டும் கேக்காதீங்க சித்தி. பசின்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல."

அடம் பிடிக்கிற பெண்ணின் பதிலாக அது எனக்குப் படவில்லை. பசி என்பது தானாகத் தெரிவது, அதைப் போய் ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா என்ற கேள்வியோடு படிக்க உட்கார்ந்தேன். படித்ததையும், பின்னால் மருத்துவர்கள் எங்களுக்குப் புரியவைத்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த விஷயம் தெரியாமல் ஒரு பெண்ணிடம் தப்பான கேள்வியைத் தினமும் மூன்று வேளை கேட்டவள்.

உள்பக்கம் பார்க்கும் புலன்

ஐம்புலன் என்று சின்ன வயதிலிருந்து படிக்கிறோம். அவை பெரும்பாலும் வெளியே இருப்பதைச் சொல்பவை. உடம்புக்குள் நடப்பதை யார் சொல்கிறார்கள்? சிறுநீர் முட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டை வறள்கிறது, குமட்டுகிறது, குளிர்கிறது, வயிறு நிறைந்துவிட்டது. இவற்றையெல்லாம் நாம் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ தெரிந்துகொள்வதில்லை. இதற்கென்று ஒரு தனிப் புலனே இருக்கிறது. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல் எழுதிய நூலில் உள்ளே நோக்கும் உணர்வு வாங்கிகளைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் இன்று எல்லாரும் சொல்லும் 'இன்டரோசெப்ஷன்'. தமிழில் இதை 'உள்ளுணர்வு' என்று சொன்னால் குழப்பம் வரும். அது காரணம் தெரியாமல் மனசுக்குள் தோன்றும் எண்ணத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல். எனவே 'உள்ளுடல் உணர்வு' என்று எழுதுகிறேன்.

சேதி போகும் வழி கொஞ்சம் தெரிந்தால் மற்றது சுலபம். இரைப்பைச் சுவர் விரிந்தால் அதை அறியும் நரம்பு முனைகள் சுவரிலேயே இருக்கின்றன. கழுத்துப் பெரிய தமனியில் ரத்த அழுத்தத்தை அறியும் முனைகள் இருக்கின்றன. வேகஸ் என்ற நீளமான நரம்பு இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு மூளைத்தண்டுக்குப் போகிறது. மூளை உறுப்புகளுக்கு உத்தரவு போடும் கம்பி இது என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில் அதன் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு வரை கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளை பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். நரம்பு தவிர ரத்தத்தின் வழியாகவும் தகவல் போகிறது. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதை 1999-ல்தான் கண்டுபிடித்தார்கள். உடம்புக் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது.

இவையெல்லாம் போய்ச் சேரும் முக்கியமான இடம் இன்சுலா. தலையின் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டுக்கு நேர் உள்ளே, மூளையின் ஒரு மடிப்பை விலக்கினால் தெரியும் பகுதி. லத்தீனில் அதற்குத் 'தீவு' என்று பொருள். அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஏ. டி. கிரெய்க் 2002-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வலி, சூடு, குளிர், அரிப்பு, தசைச் சோர்வு ஆகியவையும் இந்த உள்ளுடல் உணர்வின் கூட்டத்தில்தான் சேரும், எல்லாம் இன்சுலாவுக்குப் போய்த்தான் 'நான் இப்போது எப்படி இருக்கிறேன்' என்ற படம் உருவாகிறது என்று வாதிட்டார்.

அதைப் படித்தபோது ஃபேன் ஞாபகம் வந்தது. உணவு போதாத உடம்பு சூட்டை உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். அக்கா மகளுக்கு வேலூர் வெயிலில் குளிர்ந்தது நடிப்பே இல்லை. குளிர் என்ற சேதி ஒழுங்காக வந்து சேர்ந்தது. பசி என்ற சேதி மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

மூளை வெறும் சேதியை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் இல்லை. எப்போதும் முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. மே மாதம் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வெயிலில் வீடு வந்து ஒரு சொம்பு பானைத் தண்ணீர் குடிக்கிறீர்கள். சொம்பைக் கீழே வைக்கும்போதே தாகம் தணிந்துவிடுகிறது. தண்ணீர் குடலில் இறங்கி ரத்தத்தில் கலக்க அதற்கப்புறம்தான் நேரம் ஆகும். 'தண்ணீர் வந்துவிட்டது, இனி சரியாகிவிடும்' என்று மூளை முன்னாலேயே தாகத்தை நிறுத்திவிடுகிறது. அப்படியானால் நாம் உணர்வது உடம்பின் நிலவரம் மட்டுமில்லை. உடம்பைப் பற்றி மூளை செய்துகொண்டிருக்கும் ஊகமும் அதில் கலந்திருக்கிறது. ஊகம் தப்பாகவும் போகலாம்.

ஒரே வயிற்றில் எத்தனை குடித்தனம்

உணர்ச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் பேசுகிறவர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடுத்தவர் வாழ்வு பொறுக்காவிட்டால் வயிற்றெரிச்சல். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெத்த வயிறு பத்தி எரிகிறது. நல்ல சேதி கேட்டால் வயிறு குளிர்கிறது. பசி வயிற்றைக் கிள்ளுகிறது. துக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறித் தொண்டையை அடைக்கிறது. பழைய இலக்கணத்தில் தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லும்போது அவற்றுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய்யில் படுவது.

மேற்கே இதை ஒரு கொள்கையாகச் சொன்னவர் அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். 1884-ல் அவர் எழுதியதன் சாரம்: பயந்ததால் நாம் நடுங்குகிறோம் என்று நினைக்கிறோம், நடுங்கும் உடம்பை உணர்வதுதான் பயம். அவர் சொன்ன உதாரணத்தில் கரடி வரும், நாம் பாம்பென்று வைத்துக்கொள்ளலாம். 1927-ல் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் ஒரு நல்ல மறுப்பை வைத்தார். கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும் குளிரிலும் உறுப்புகளில் ஏறக்குறைய ஒரே மாற்றங்கள்தான் நடக்கின்றன. அப்படியிருக்க உடம்பை மட்டும் வைத்து எது கோபம், எது பயம் என்று எப்படிப் பிரிப்பது? 1962-ல் ஷாக்டர், சிங்கர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் சிலருக்குப் படபடப்பைத் தரும் அட்ரினலின் ஊசி போட்டு, படபடப்பின் காரணத்தைச் சிலரிடம் சொல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். காரணம் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்த ஆளின் மகிழ்ச்சிக்கோ கோபத்துக்கோ ஏற்ப அந்தப் படபடப்பைப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்தவர்கள் அதே சோதனையைச் செய்தபோது எல்லாருக்கும் அப்படியே அமையவில்லை. ஆனாலும் அடிப்படை எண்ணம் நின்றது: உடம்பின் சேதி ஒரு பாதி, அதற்கு மூளை கொடுக்கும் பெயர் மறுபாதி.

இதை நான் வருடாவருடம் பள்ளியில் பார்க்கிறேன். தேர்வு நாளில் ஒன்பதரை மணிக்கு ஒருத்தி வந்து, "மிஸ், வயிறு என்னமோ பண்ணுது" என்பாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால், டீ மட்டும். வெறும் வயிறு ஒன்று, டீ தரும் படபடப்பு ஒன்று, கணக்குப் பேப்பர் பயம் ஒன்று, சிலருக்கு மாதவிடாய் நாளும் சேர்ந்துகொள்ளும். நான்கும் ஒரே வயிற்றில். பெரும்பாலான பிள்ளைகள் நாலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'பயமாயிருக்கு' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தால் பாதிப் பேருக்குப் 'பயம்' போய்விடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பயத்துக்கோ துக்கத்துக்கோ பெயர் வைக்கத் தெரியாமல், அதையெல்லாம் 'பசி' என்றோ 'வயிறு நிறைந்துவிட்டது' என்றோ எடுத்துக்கொள்வது. தன் உணர்ச்சிகளைச் சொல்லச் சொல் கிடைக்காத நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களில் 'அலெக்சிதைமியா' என்று பெயர் வைத்தார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்பது கிரேக்க மூலத்தின் பொருள். உண்ணுதல் கோளாறு உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது.

எல்லாருக்கும் இந்த உணர்வு ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு சின்னச் சோதனை: கையை நாடியில் வைக்காமல், அமைதியாக உட்கார்ந்து, அரை நிமிடத்தில் இதயம் எத்தனை முறை துடித்தது என்று உள்ளே கேட்டு எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் உங்கள் நாடியைப் பிடித்து உண்மையில் எண்ணட்டும். 1981-ல் ஜெர்மனியின் ரைனர் ஷாண்ட்ரி இதைத்தான் ஆய்வுமுறையாகச் செய்தார். சிலர் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடுவார்கள், சிலருக்கு எதுவுமே கேட்காது. (நெஞ்சுப் படபடப்பே பெரிய கவலையாக இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.) இந்தச் சோதனையில் குறை உண்டு, பலர் தங்கள் நாடி வழக்கமாக எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஊகித்துச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். எவ்வளவு சரியாக உணர்கிறோம், எவ்வளவு சரியாக உணர்வதாக நம்புகிறோம், அந்த நம்பிக்கையும் உண்மையும் எவ்வளவு பொருந்துகின்றன. கடைசியில் சொன்ன பொருத்தம்தான் இந்த மூன்றில் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. உடம்பு சொல்வதைத் தப்பாகக் கேட்டுவிட்டு 'எனக்கு நன்றாகத் தெரியும்' என்று உறுதியாக இருப்பவர்தான் அதிகம் தவிக்கிறார்.

யார் சொல்லிக்கொடுத்தது

பசி தானாகத் தெரியும் என்ற என் நம்பிக்கையை அசைத்தவர் ஹில்டே புரூக். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணிசெய்த மனநல மருத்துவர். 1962-ல், தன்னைத் தானே பட்டினி போடும் அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் மூன்று விஷயங்களைக் குறித்தார். தங்கள் உடம்பின் தோற்றத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. உள்ளிருந்து வரும் பசியையும் உணர்ச்சியையும் இனங்காண முடியவில்லை. தன் கையில் எதுவுமே இல்லை என்ற உணர்வு எப்போதும் இருக்கிறது. இரண்டாவதுதான் அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது.

அவர் சொன்ன காரணம் இது. பச்சைக் குழந்தைக்கு உள்ளே ஏதோ அவஸ்தை, அழுகிறது. அது பசியா, குளிரா, ஈரத்துணியா, தூக்கமா என்று குழந்தைக்கே தெரியாது. பசித்து அழும்போது பால், குளிர்ந்து அழும்போது போர்வை என்று பொருத்தமான பதில் மறுபடி மறுபடி வரும்போதுதான் இன்ன அவஸ்தைக்கு இன்ன பெயர் என்று அது கற்றுக்கொள்கிறது. எதற்கு அழுதாலும் பால் என்றால், எல்லா அவஸ்தையும் ஒன்றாகிவிடும். தாயின் மேல் பழியைப் போடும் அளவுக்கு இதை நீட்டியவர்கள் உண்டு, அது தவறு. மரபணுக்களுக்கும் இந்த நோயில் பெரிய பங்கு இருப்பது இன்று தெரியும். பெற்றோர்தான் காரணம் என்ற எண்ணத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஆனால் உள்ளுடல் உணர்வு பதில் கிடைத்துக் கிடைத்துப் பழகுவது என்ற பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் வீடுகளையும் பள்ளிகளையும் இந்தக் கண்ணால் பார்த்தால் மனசு கனக்கிறது. "இன்னும் நாலு வாய்" என்று நிறைந்த வயிற்றில் திணிக்கிறோம். "இப்பதானே சாப்பிட்டே, அதுக்குள்ள பசியா?" என்று பசித்த வயிற்றை நம்ப மறுக்கிறோம். பொம்பளைப் பிள்ளை என்றால் கூடுதலாக ஒன்று: அடக்கு. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மாணவிகளை எனக்குத் தெரியும். முட்டும் சிறுநீரை நாலரை மணி வரை கவனிக்காமல் இருக்க அவர்கள் பழகிவிடுகிறார்கள், வருடக்கணக்கில். விடிகாலையில் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க டிபன் சாப்பிடாமல் ஓடும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பத்து மணிக்கு மேல் பசியே தெரியாது என்கிறாள். இது ஒன்றும் நோய் கிடையாது, இதனால் மட்டும் யாருக்கும் உண்ணுதல் கோளாறு வந்துவிடுவதும் இல்லை. ஆனால் உள்ளே இருந்து வரும் சேதியைக் கேட்காமல் இருப்பதற்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, அப்புறம் "பசிக்கிறதா இல்லையா, ஒழுங்காகச் சொல்" என்று அதட்டுவது அநியாயம்.

கோளாறில் என்ன நடக்கிறது

அனோரெக்சியா என்ற சொல்லுக்குப் 'பசியின்மை' என்று பொருள். 1870-களில் வைத்த பெயர், ஏமாற்றும் பெயர். பெரும்பாலானவர்களுக்குப் பசியை உண்டாக்கும் கிரெலின் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. அதே நேரம், பட்டினியால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். நாலு வாயிலேயே வயிறு நிஜமாகவே கனக்கும், உப்பும். பசி ஒரு பக்கம், நிறைவு ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில். இதற்கு மேல் பயம் தரும் படபடப்பும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. அமெரிக்காவில் சாஹிப் கல்சாவின் குழு இதயத்தைச் சற்று வேகப்படுத்தும் மருந்தைச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தது. சாப்பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அனோரெக்சியா உள்ளவர்கள் நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆக, இவர்களுக்கு உடம்பின் குரல் கேட்பதில்லை என்று ஒரு வரியில் முடிக்க முடியாது. சில குரல் கேட்கவில்லை, சில குரல் காதைக் கிழிக்கிறது. இதயத்துடிப்பை எண்ணும் சோதனையிலும் சில ஆய்வுகளில் இவர்கள் பின்தங்கினார்கள், சிலவற்றில் மற்றவர்களோடு வித்தியாசமே இல்லை. ஆனால் 'உனக்குள் நடப்பது உனக்குப் புரிகிறதா' என்று கேள்வித்தாளில் கேட்டால், எல்லா வகை உண்ணுதல் கோளாறிலும் 'குழப்பமாக இருக்கிறது' என்ற பதில்தான் மறுபடி மறுபடி வருகிறது. 1983-ல் உருவான, இன்றும் பயன்படும் ஒரு கேள்வித்தாளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.

புலிமியாவிலும் அளவுமீறி உண்ணும் கோளாறிலும் கதை வேறு மாதிரி. தனிமை, அவமானம், கோபம் எதுவாக இருந்தாலும் அது 'சாப்பிட வேண்டும்' என்ற உந்துதலாக வந்து நிற்கும். சாப்பிடும் வேகத்தில் நிறைவுச் சேதி மேலே போய்ச் சேர்வதற்குள் வயிறு தாங்காத அளவுக்குப் போய்விடும். அப்புறம் குற்றவுணர்வு. புலிமியாவில் அதை வாந்தியெடுத்தோ வேறு வழியிலோ வெளியேற்றப் பார்ப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும் ஆபத்து அதில் இருக்கிறது. எடை சாதாரணமாகவே இருக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. உடம்பு பருமனாக இருப்பவர்களுக்கும் கடுமையான உண்ணுதல் கோளாறு இருக்கலாம், ஆண் பிள்ளைகளுக்கும் வரும். இந்த இரண்டையும் எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

'நம்ம பிள்ளைகளுக்குக் குண்டாயிடுவோம்னு பயம் எல்லாம் கிடையாதே' என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 1993-ல் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 70 அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குண்டாகிவிடுவேன் என்று சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். நமக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவு மருத்துவர்கள் 2007-ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே வந்த பிள்ளைகளின் உண்ணுதல் கோளாறுகளில் அதிகம் காணப்பட்டது மனம் சார்ந்த வாந்தி. துன்பம் உடம்பின் பாஷையில், அதுவும் வயிற்றின் பாஷையில் வருகிறது. அக்கா மகளும் ஒரு நாளும் எடையைப் பற்றிப் பேசவில்லை. அதனாலேயே நாங்கள் முதலில் போன இடத்தில் 'வயசுப் பெண்கள் இப்படித்தான்' என்று சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீணானது.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் ரமலான் மாதம் முழுக்க நோன்பு இருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவே விரதம் இருக்கிறது. அது வேறு. நோன்பில் பசி நன்றாகத் தெரியும், முடியும் நேரம் தெரியும், முடிந்ததும் நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்து குடிப்பதில் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் உண்ணுதல் கோளாறு இருப்பவர்களுக்கு, தேறிக்கொண்டிருப்பவர்களுக்கும்கூட, விரதம் ஆபத்தான வாசல். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களே அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். தானாக அவர்கள் கேட்க மாட்டார்கள்.

முதலில் எது?

சேதி புரியாததால் பட்டினியா, பட்டினியால் சேதி கெட்டதா? இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போருக்குப் பின் பசித்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காகச் செய்த ஆய்வு அது. அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள். மறுபடி உணவு கொடுத்தபோது எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைவு தெரியாமல் சிலர் பல வாரம் தவித்தார்கள். முன்னால் எந்தக் கோளாறும் இல்லாத ஆண்கள். எனவே பட்டினியே இந்தப் புலனைக் கெடுக்கும் என்பது உறுதி. முன்னாலேயே கொஞ்சம் தடுமாற்றம் இருந்த ஒருவர் டயட் என்று ஆரம்பித்தால், தடுமாற்றம் பட்டினியையும் பட்டினி தடுமாற்றத்தையும் வளர்க்கும்.

'உடம்பு சொல்வதைக் கேள், பசிக்கும்போது சாப்பிடு' என்ற அறிவுரை இவர்களுக்கு ஆரம்பத்தில் உதவாததற்குக் காரணம் இதுதான். மற்றவர்களுக்கு நல்ல அறிவுரைதான். ஆனால் தப்பாக ஓடும் கடிகாரத்தையே பார்த்து அந்தக் கடிகாரத்தைத் திருத்த முடியாது. எங்கள் தாத்தா வீட்டுப் பெண்டுலக் கடிகாரம் தினமும் சில நிமிடம் பின்தங்கும். ஆகாசவாணிச் செய்தி தொடங்கும்போது ஸ்டூல் மேல் ஏறி முள்ளைத் திருப்பி வைப்பார். சிகிச்சையில் சாப்பாட்டு நேரம் அந்த ஆகாசவாணி போல. பசிக்கிறதோ இல்லையோ, மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டியும், மணி பார்த்து. வயிறு கனக்கும், அழுகை வரும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் இப்படிப் போன பிறகுதான் இரைப்பை பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, பசியும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. ரொம்ப இளைத்துவிட்டவர்களுக்கு இதை வீட்டிலேயே திடீரென்று ஆரம்பிக்கக் கூடாது. பட்டினி உடம்புக்குச் சட்டென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் ரத்தமும் ஈசிஜியும் பார்த்து அளவு சொல்ல வேண்டும்.

வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெற்றோர் காரணமல்ல, பெற்றோர்தான் மருந்து என்பது அதன் அடிப்படை. பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருவதை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு எங்கள் பிள்ளைக்கு மருத்துவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். சாப்பிடுவதற்கு முன்பும் பின்பும், உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று மட்டும் எழுத வேண்டும். நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது, 'பசி', 'பயம்' என்ற பெயர்கூட உடனே வேண்டாம். தொண்டை இறுக்கம். கை சில்லுனு இருக்கு. வயிறு மேல் பக்கம் கனம். இப்படி ஒன்றரை மாதம். ஒரு நாள் அவளே நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். எழுதியிருந்தது இது: 'வயிறு மேல கனம். சாப்பிட்டப்புறம் வர்ற அதே கனம். ஆனா இன்னைக்கு இன்னும் சாப்பிடல. அம்மா ஃபோன்ல பேசி வச்சப்புறம் வந்துச்சு.' வாசித்துவிட்டு எனக்கு ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை. அத்தனை மாதமும் 'ரொம்பிடுச்சு' என்று அவள் சொன்னதில் எத்தனை வேளை அது சோறாக இருந்திருக்காது என்று நினைத்தேன்.

இப்போது நான் "பசிக்குதா?" என்று கேட்பதில்லை. எட்டு மணிக்குத் தட்டு வைக்கிறேன், நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆயாவும் "அடம்" என்பதை விட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தன் கல்யாணக் கதையைச் சொல்கிறார், அவள் தட்டைப் பார்க்காமல்.

வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மயக்கம், நெஞ்சு படபடப்பு, தொடர் வாந்தி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கும்போது 'சரியாகச் சாப்பிட மாட்டேங்கிறா' என்று மட்டும் சொன்னால் டானிக்கோடு திரும்பி வர நேரலாம். கவனித்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மாதமாக, எவ்வளவு இளைத்திருக்கிறாள், மாதவிடாய் எப்போது நின்றது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாளா, எதைச் சாப்பிடுவதை விட்டாள், எழுந்தால் தலை சுற்றுகிறதா. மே மாதத்தில் குளிர்கிறது என்றாள், ஃபேனை நிறுத்தச் சொன்னாள் என்றால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.